இசை வகுப்பில் பெண்கள் அதிகம்... தவில், நாதஸ்வரம், கோயில் மேளத்தில் ஏன் குறைவு? தொண்டியில் இருந்து ஒரு பார்வை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பொண்ணு. இரண்டு பேருக்கும் தாளம் ரத்தத்திலேயே ஊறியது. டேபிளைத் தட்டினாலே தெருவில் போகிறவர் நின்று கேட்பார். "தவில் படிக்கப் போறோம்" என்று இருவரும் ஒரே நாளில் வீட்டில் சொல்கிறார்கள்.

பையனுக்குக் கிடைக்கும் பதில்: "இதுல சோறு கிடைக்குமாடா?"

பொண்ணுக்குக் கிடைக்கும் பதில்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா தவிலு? பாட்டு கத்துக்கோ, வீணை கத்துக்கோ."

கவனித்தீர்களா? பையனிடம் கேட்பது வருமானம். பொண்ணிடம் சொல்வது, எந்தக் கருவி அவளுக்கு 'பொருத்தம்' என்பது. இது கற்பனை வீடுதான். ஆனால் இசை உயர்கல்வியில் ஆண், பெண் இடையே இருக்கும் வித்தியாசம் முழுக்க இந்த இரண்டு பதில்களுக்குள் அடங்கிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்...

• பெண்கள் கல்லூரிக்குள் நுழைவதில் பெரிய தடை இப்போது இல்லை. உள்ளே போன பிறகு எந்த வகுப்பில் உட்காருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

• வாய்ப்பாட்டு, வீணை, பரதநாட்டியம் என்றால் மாணவிகள் அதிகம். தவில், நாதஸ்வரம், மிருதங்கம், கடம் என்றால் மாணவர்கள் அதிகம்.

• 'உடல் பலம்' என்று சொல்லப்படும் காரணத்தைப் பல பெண் கலைஞர்கள் வாசித்தே உடைத்திருக்கிறார்கள்.

• ஒரு பையனுக்கு இசை கற்கப் பல வழிகள் உண்டு. ஒரு பொண்ணுக்குப் பெரும்பாலும் இசைப்பள்ளியும் கல்லூரியும்தான் வழி. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பது அவளுக்கு ரொம்ப முக்கியம்.

தொண்டியில் இருந்து இசை படிக்க எங்கே போகணும்?

கிழக்கு கடற்கரைச் சாலையில், பாக் நீரிணைக் கரையில் இருக்கும் ஊர் தொண்டி. கடலைப் பற்றி மேற்படிப்பு படிக்க நினைப்பவருக்கு இங்கேயே வசதி இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டி வளாகத்தில்தான் இயங்குகிறது. இசை படிக்க வேண்டும் என்றால் பஸ் ஏற வேண்டியதுதான்.

முதல் படி, மாவட்ட அரசு இசைப்பள்ளி. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்டங்களில் இந்தப் பள்ளிகளை நடத்துகிறது. அதில் ஒன்று ராமநாதபுரத்தில் இருக்கிறது. தொண்டியில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை இந்த இசைப்பள்ளிகளின் பாடங்கள். மூன்று ஆண்டு படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம்.

அடுத்த படி, அரசு இசைக் கல்லூரி. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு இடங்களில் இருக்கிறது. தொண்டிக்குப் பக்கம் மதுரைதான். அதுவே 100 கிலோமீட்டருக்கு மேல். இதற்கு மேல் ஆராய்ச்சிப் படிப்பு வரை போக, சென்னையில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி இன்னும் பழையது. 1929-இல் தொடங்கியது.

இந்த தூரக் கணக்கு பையனுக்கும் பொண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் வீட்டில் அது ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. "சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவ?" என்ற கேள்வி பொண்ணுக்கு மட்டும்தான் வரும்.

பெண்கள் படிக்கிறார்களா, இல்லையா?

படிக்கிறார்கள். நன்றாகவே படிக்கிறார்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கல்லூரியில் சேரும் விகிதத்தில் பெண்கள் 28.5 சதவீதம், ஆண்கள் 28.3 சதவீதம். தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரியைவிட எவ்வளவோ மேலே.

இசையைப் பொறுத்தவரை, வாய்ப்பாட்டு, வீணை, பரதநாட்டிய வகுப்புகளில் மாணவிகள்தான் பெரும்பான்மை என்பது இந்தக் கல்லூரிகளின் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். அதே வளாகத்தில் தவில், நாதஸ்வர வகுப்பின் பக்கம் போனால் காட்சி அப்படியே தலைகீழ்.

அதாவது, கேட்டில் சமத்துவம் இருக்கிறது. கிளாஸ் ரூமில் இல்லை.

இந்தப் பிரிவு எப்போது வந்தது?

பழைய காலத்தில் பெண்கள் இசையில் இல்லாமல் இல்லை. தேவதாசி மரபில் வந்த பெண்கள்தான் ஆடல், பாடல் இரண்டையும் பல தலைமுறைகளாகக் காப்பாற்றினார்கள். வீணை தனம்மாள் (1867-1938) குடும்பம் அதற்குப் பெரிய உதாரணம். அவருடைய பேத்தி டி.பிருந்தா பின்னாளில் சென்னை இசைக் கல்லூரியில் ஆசிரியராகவே இருந்தார்.

மற்ற குடும்பங்களின் பெண்களுக்கு மேடை என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். குருவின் வீட்டிலேயே தங்கி, வேலை செய்து, கூடவே கச்சேரிக்குப் போய்க் கற்கும் குருகுல முறை ஆண் பிள்ளைகளுக்கானது. வயதுக்கு வந்த பெண்ணை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்?

இங்கேதான் கல்லூரிகள் பெரிய திருப்பம் கொண்டுவந்தன. 1914-இல் தொடங்கிய சென்னை ராணி மேரி கல்லூரி, பெண்களுக்கு இசையைக் கல்லூரிப் பாடமாகக் கொடுத்த முன்னோடி. 1931-இல் மியூசிக் அகாடமி இசை ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியைத் தொடங்கியது. 1949-இல் அரசு இசைக் கல்லூரி சென்னையில் வந்தது. முசிறி சுப்பிரமணிய அய்யர் அதன் முதல் முதல்வர். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம், சான்றிதழ் கிடைக்கும், டீச்சர் வேலைக்குப் போகலாம். பெற்றோருக்குத் தைரியம் வந்தது.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பாட்டும் வீணையும் 'குடும்பப் பெண்ணுக்கு அழகு' என்று ஆனது. பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு பாடுவாளா?" என்று கேட்பது வழக்கமானது. பையனுக்கு இசை தொழில், பொண்ணுக்கு இசை கல்யாணத் தகுதி. கதவு திறந்தது உண்மை. ஆனால் எந்த அறைக்குப் போகலாம் என்பதையும் அந்தக் கதவே சொல்லிவிட்டது.

1968 இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டில்தான் 'தில்லானா மோகனாம்பாள்' படம் வந்தது. நாதஸ்வரம் ஊதுவது ஆண், ஆடுவது பெண் என்ற படம் தமிழர் மனதில் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதே 1968-இல்தான் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதல் முறையாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு, கிடைத்தது. அகாடமி தொடங்கி 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்து 1970-இல் டி.கே.பட்டம்மாள். ராகம் தானம் பல்லவி ஆண்களின் கோட்டை என்று இருந்த காலத்தில் அதை மேடையில் பாடி, 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் வாங்கியவர் அவர்.

'ராம்நாட்' என்ற பெயருக்குப் பின்னால் யார்?

ராமநாதபுரம் இசைக்குப் புதிய ஊர் கிடையாது. சேதுபதிகளின் சமஸ்தானம் பாடகர்களை ஆதரித்த அரசவை. பூச்சி சீனிவாச அய்யங்கார் (1860-1919) அந்த அவையின் வித்வான். மிருதங்க மேதை சி.எஸ்.முருகபூபதி இந்த ஊர்க்காரர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருடைய அண்ணன் சி.எஸ்.சங்கரசிவம், டி.என்.சேஷகோபாலனின் குரு. பாடகர் ராம்நாட் கிருஷ்ணன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்த ராம்நாட் ராகவன் என்று ஊர்ப் பெயர் கடல் தாண்டியும் போனது. இஸ்லாமியப் பாடல்களால் தமிழ்நாடு முழுக்க அறியப்பட்ட நாகூர் ஹனிபா பிறந்ததும் ராமநாதபுரத்தில்தான். முறையாக இசை படிக்காமலேயே அந்த உயரத்தைத் தொட்டவர் அவர்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எல்லாரும் ஆண்கள்.

இந்த மண்ணில் பெண்களுக்குக் குரலே இல்லையா என்ன? தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் பாடுவதுதான். முஸ்லிம் வீடுகளின் கல்யாண நலங்குப் பாட்டும் பெண்கள் பாடுவதுதான். ஆனால் அது வீட்டுக்குள் பாடும் பாட்டு. அதற்குப் பட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது, ஊர்ப் பெயரைச் சேர்த்து அழைக்கும் வழக்கமும் கிடையாது.

'உடல் பலம்' உண்மையான காரணமா?

தவில் கனமானது. வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து, தோளில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு மூச்சு பலம் வேண்டும். கடம் வாசித்தால் விரல் வலிக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் இது எல்லாருக்கும்தான் உண்மை. பழகப் பழகத்தான் ஆண் கையும் தயாராகிறது.

சில பெயர்களைப் பார்க்கலாம்.

• திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்: புதுக்கோட்டைக்காரர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று, மிருதங்கம் வாசித்த முன்னோடிப் பெண்.

• மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய்: பழநி பக்கம் ஆயக்குடியில் பிறந்தவர். நாதஸ்வரத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் பெண்களில் ஒருவர். மதுரை சித்திரைத் திருவிழாவில் வாசித்தவர்.

• காலீஷாபி மகபூப்: நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த முஸ்லிம் பெண். கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து வாசிப்பவர். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்ற இந்தத் தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

• சுகன்யா ராம்கோபால்: மயிலாடுதுறையில் பிறந்தவர். பெண் விரலுக்குக் கடம் கஷ்டம் என்று குரு விக்கு விநாயக்ராம் முதலில் தயங்கினார். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா கற்றுக்கொடுக்க முன்வந்தார். பின்னாளில் சுகன்யா சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார்.

கடம் என்றதும் தொண்டிப் பகுதி ஆட்களுக்கு நினைவுக்கு வருவது மானாமதுரை. பக்கத்து சிவகங்கை மாவட்டம்தான். வித்வான்கள் தேடி வந்து வாங்கும் கடம் அங்கேதான் செய்யப்படுகிறது. பச்சை மண் பானையைத் தட்டித் தட்டி, சுவர் ஒரே கனத்துக்கு வரும் வரை சமன் செய்யும் வேலை, சும்மா இல்லை. அந்த வேலைக்காக சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கிய மானாமதுரை கலைஞர் யார் தெரியுமா? மீனாட்சி என்ற பெண்.

அதாவது, கடத்தைத் தட்டிச் செய்யப் பெண் கைக்குப் பலம் இருக்கிறது. அதைத் தட்டி வாசிக்க மட்டும் பலம் இல்லை என்று சொன்னால் நம்ப முடியுமா?

அப்போ உண்மையான தடை எது?

கருவியின் எடையில் இல்லை. கருவியைச் சுற்றியுள்ள வாழ்க்கையில் இருக்கிறது.

நாதஸ்வரமோ தவிலோ வகுப்பில் மட்டும் கற்று முடிகிற வித்தை கிடையாது. ஒரு மேள செட்டில் சேர்ந்து, முதலில் ஒத்து ஊதி, தாளம் போட்டு, பெரியவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுத்தான் வளர வேண்டும். ராத்திரி சுவாமி புறப்பாடு, விடியற்காலை முகூர்த்தம், ஊர் ஊராக வேன் பயணம். பையன் அந்த வேனில் ஏறிவிடுவான். பொண்ணு ஏற வேண்டும் என்றால் அப்பாவோ கணவரோ அந்த செட்டில் இருக்க வேண்டும். காலீஷாபியின் கதையிலேயே குடும்பமும் கணவரும் கூடவே இருந்ததைப் பார்க்கலாம். கோயில் வேலை என்றால் மாதவிடாய் நாட்களின் தீட்டுப் பேச்சு வேறு.

பக்கவாத்தியத்தில் இன்னொரு சிக்கல். நீங்கள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும், யாராவது உங்களைத் துணைக்கு அழைத்தால்தான் மேடை. ஒரு காலத்தில் பெண் பாடினால் வாசிக்க மாட்டேன் என்ற மிருதங்க வித்வான்களே இருந்தார்கள். பாலக்காடு மணி அய்யர் நீண்ட காலம் பெண்களுக்கு வாசிக்காமல் இருந்து, பிறகு பட்டம்மாளுக்கு வாசித்தது இசை உலகில் பெரிய பேச்சு. பெண்ணுக்கு வாசிக்கவே யோசித்த உலகத்தில், ஒரு பெண் மிருதங்கத்தோடு பக்கத்தில் உட்கார எவ்வளவு காலம் ஆகும்? அதனால்தான் சுகன்யா ராம்கோபால் 1986-இல் பெண்கள் மட்டுமே வாசிக்கும் 'ஸ்த்ரீ தாள் தரங்' குழுவைத் தொடங்கினார். அழைப்புக்குக் காத்திருக்காமல் மேடையைத் தானே போட்டுக்கொண்டார்.

பையன்களுக்கு இதில் நஷ்டம் இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. இந்த வித்தியாசம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

முதலில் குரல். 13, 14 வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். இதற்குத் தமிழில் மகரக்கட்டு என்று பெயர். அதுவரை நன்றாகப் பாடிய பையன் திடீரென்று சுருதியைப் பிடிக்க முடியாமல் தவிப்பான். இது சில காலத்தில் சரியாகிவிடும் என்று சொல்லித் தைரியம் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், பாட்டை அங்கேயே விட்டுவிடுவான். பொண்ணுக்கு இந்த வயதில் குரல் மாற்றம் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. வாய்ப்பாட்டு வகுப்பில் பையன்கள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து சுருதி. ஆண்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டை சுருதியில் பாடுவார்கள். பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டை வரை. ஒரே வகுப்பில் இரண்டு பேரையும் வைத்து ஒரே சுருதியில் சொல்லிக்கொடுத்தால், யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். மாணவிகள் அதிகம் உள்ள வகுப்பில் தம்புரா அவர்களுக்கு ஏற்பவே ஓடும். ஓரத்தில் இருக்கும் இரண்டு பையன்கள் தொண்டையைப் பிழிந்துகொள்வார்கள். மிருதங்கத்திலும் தாழ்ந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கம், உயர்ந்த சுருதிக்கு வேறு மிருதங்கம் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றில் மட்டும் பழகிய மாணவருக்கு மற்றவர்களுக்கு வாசிக்கும்போது கை தடுமாறும்.

மூன்றாவது, வருமானப் பேச்சு. தொண்டி மாதிரி கடற்கரை ஊரில் பையன் என்றால் கடல், கடை, இல்லாவிட்டால் வெளிநாடு. "பாட்டு படிச்சுட்டு என்ன பண்ணுவ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். பரதநாட்டியம் படிக்கும் பையனுக்குக் கேலியும் சேர்த்துக் கிடைக்கும்.

படித்து முடித்தால் வேலை எங்கே?

இங்கேதான் முக்கியமான முடிச்சு. இசை படித்தவர்களுக்கு மாதச் சம்பளம் தரும் வேலைகள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒன்று கல்வி நிலையம். மற்றொன்று கோயில்.

பெண்கள் அதிகம் நம்புவது டீச்சர் வேலையை. ஆனால் இடங்கள் குறைவு. 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு 1,325 இடங்களை அறிவித்தது. அதில் உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327. இசைக்கு? வெறும் 86. மாநிலம் முழுக்கச் சேர்த்து.

கோயில்களில் ஓதுவார், நாதஸ்வரம், தவில், தாளம் ஆகிய பணியிடங்கள் உண்டு. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இந்தக் கடற்கரையிலேயே இருக்கின்றன. தொண்டிக்குப் பக்கத்தில் திருவாடானை, தெற்கே ராமேஸ்வரம். ஆனால் இந்த வேலைக்கான படிப்புகளில்தான் மாணவிகள் குறைவு. ஆக, மாணவிகள் நிறைந்த வகுப்புக்கு வேலை குறைவு. வேலை இருக்கும் வகுப்பில் மாணவிகள் குறைவு.

இந்த முடிச்சு அவிழவே அவிழாதா? அவிழ ஆரம்பித்திருக்கிறது. 2006-இல் திருச்சி உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் அங்கயற்கண்ணி ஓதுவாராக நியமிக்கப்பட்டார். 2021 ஆகஸ்டில் சென்னை மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு சுகாஞ்சனா ஓதுவாராக வந்தார். அவர் எங்கே படித்தார்? கரூர் அரசு இசைப்பள்ளியில், தேவாரம். ராமநாதபுரத்தில் இருப்பதும் அதே மாதிரிப் பள்ளிதான்.

அதாவது, ஒரு மாவட்ட இசைப்பள்ளியின் தேவார வகுப்பில் ஒரு பொண்ணு உட்கார்ந்ததால், மூலஸ்தானத்துக்கு முன்னால் ஒரு பெண் குரல் சம்பளத்தோடு ஒலிக்கிறது. வகுப்பைத் தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடி உதாரணம் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு தவிலு' என்பது நம்ம ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. 1978-இல் அமெரிக்காவில் ஏபலஸ், போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புல்லாங்குழல், வயலின் பெண்களுக்கு, டிரம்ஸ், டிரம்பெட் ஆண்களுக்கு என்ற எண்ணம் அங்கேயும் சின்ன வயதிலேயே பதிந்திருப்பது அதில் தெரிந்தது.

பாரிஸ் இசைக் கல்லூரியில் 1842-இல் பியானோ பேராசிரியர் ஆனவர் லூயிஸ் ஃபாரங்க் என்ற பெண். சக ஆண் பேராசிரியர்களுக்கு இணையான சம்பளம் வாங்க அவர் 1850 வரை போராட வேண்டியிருந்தது. புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மானிக் இசைக்குழு ஒரு பெண்ணை நிரந்தர உறுப்பினராக ஏற்றது 1997-இல்தான்.

மாற்றத்துக்கு ஒரு சின்ன வழியும் அங்கே கிடைத்தது. திரை. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் ஆள் எடுக்கும்போது, வாசிப்பவர் யார் என்று தெரியாமல் இருக்க நடுவில் திரை போட ஆரம்பித்தன. 1970-இல் முன்னணி ஐந்து குழுக்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1997-இல் 25 சதவீதம். இந்தத் திரையின் பங்கு பற்றி கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் இருவரும் 2000-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கோல்டின் பின்னர் 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். வளர்ச்சியில் திரைக்கு எவ்வளவு பங்கு என்பதில் பிறகு விவாதம் எழுந்தது. 

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தொண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். அங்கே மருதனார்மடத்தில் 1960-இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இலங்கையில் கர்நாடக சங்கீதம் சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைகளில் ஒரு பாடம். பாடம் இருந்தால் வகுப்பு இருக்கும், வகுப்பு இருந்தால் ஆசிரியர் வேலை இருக்கும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் மாணவர் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம் எழுதுகிறார். அதில் இசைக்கு இடம் இல்லை.

என்ன செய்தால் மாறும்?

• சேர்க்கையின்போது எல்லா வகுப்பையும் காட்டுவது: பொண்ணு வந்தால் குரலிசை, பையன் வந்தால் தவில் என்று முடிவு செய்யாமல், ஒரு வாரம் எல்லாக் கருவியையும் தொட்டுப் பார்க்க விடலாம்.

• கல்லூரிக்குள்ளேயே மேடை: பாடும் மாணவிக்கு மிருதங்க மாணவி, வாசிக்கும் மாணவருக்குத் தவில் மாணவி என்று மாற்றி மாற்றித் துணை வாசிக்க வைத்தால், அழைப்புக்குக் காத்திருக்கும் பழக்கம் அங்கேயே உடையும்.

• சுருதி வாரியாக வகுப்பு: பையன்களையும் பொண்ணுங்களையும் அவரவர் கட்டைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால், மகரக்கட்டில் தவிக்கும் பையனும் தப்பிப்பான்.

• விடுதி, பஸ் நேரம்: தொண்டி மாதிரி ஊர்களுக்கு இதுதான் பாதிப் படிப்பு.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. சேர்வதற்கு முன் இசைப்பள்ளிக்கோ கல்லூரிக்கோ நேரில் போய் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாம் விரும்பும் கருவிக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறாரா? வகுப்பு நேரம் என்ன? விடுதி வசதி உண்டா? படிப்பு முடிந்தால் எந்தெந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லும்? அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. சேரும் படிப்பு அந்தத் திட்டத்தில் வருமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

கடைசியாக...

முதலில் பார்த்த அந்த இரட்டைப் பிள்ளைகளிடம் வருவோம். பையனுக்குக் கல்லூரி கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. ஏதாவது ஒரு மேள செட்டில் தாளம் போடப் போகலாம், பாடகர் குழுவில் சேரலாம், வித்வான் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பொண்ணுக்கு அந்த வழிகளில் பாதி மூடியே இருக்கிறது. அவளுக்கு இருப்பது ராமநாதபுரத்து இசைப்பள்ளியின் அந்த ஒரு கதவுதான்.

அதனால் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி "எதுக்கு தவிலு?" இல்லை. "கிளாஸ் எத்தனை மணிக்கு, பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான்.